ஃபைனலுக்கு முதல்நாள் காய்ச்சல்

அருந்தவன்: காய்ச்சலெண்டா கட்டில்ல கிடக்கோணும். நீ குசினியில நிண்டு மீன் வெட்டுறாய்.

யோன்: இது உள்காய்ச்சல்…

அன்னமலர்: உள்காய்ச்சலோ? விடிய ரெண்டு கோப்பை புட்டு இறக்கின மனுசன், தம்பி.

யோன்: நீ சும்மா இரு அன்னமலர். புருசனைக் காட்டிக்குடுக்கிறதுக்கெண்டே ஒரு மனுசி.

அருந்தவன்: நாளைக்கு உன்ர டீமுக்கும் என்ர டீமுக்கும் ஃபைனல். நீ வரமாட்டியாம்?

யோன்: ஓம். அசிஸ்டன்ட் பார்த்துக்கொள்ளுவான். உனக்கு லேசாப் போச்சு.

அருந்தவன்: எனக்கு லேசு வேண்டாம்… நீ வா.

அன்னமலர்: இதென்ன புதினம்? இவர் வராட்டி நீங்கதானே வெல்லுவியள். வெண்டா விக்டோரியா மாநில டீமுக்கே கோச்செண்டாங்கள்.

அருந்தவன்: அதில்லை அக்கா… நாங்க ஒரே வருசம் வந்த கோச்மார். ஒண்டாத் துவங்கினனாங்கள்.

யோன்: ஒண்டாவோ? என்னைத் தேடி வந்து கூப்பிட்டவங்கள். நீ தொங்கிக்கொண்டு வந்தனி.

அருந்தவன்: ஆர் தொங்கினது? கேரம் டவுன்ஸ் கோயில் தேர்த்திருவிழாவில நான் சில்லுக்குக் கட்டை போட்டுத் தேரை நிப்பாட்டினதை விளையாட்டுக் கிளப்காரன் ஒருத்தன் பார்த்தவன். இவ்வளவு பெரிசை நிப்பாட்டுறவன் மனுசரை நிப்பாட்டமாட்டானோ எண்டு அமெரிக்கன் ஃபுட்போல் டீமொண்டைக் கையில தந்தவன்.

யோன்: எனக்கும் அந்தக் கேடுதான். மன்னார்ல பாட்டுப் படிச்சு ஆக்களைக் கொண்டு கரைவலை இழுப்பிச்சனானெண்டு வேலையிடத்து லஞ்ச் ரூமில வாய்விட்டன். அங்க இருந்த கிளப்காரங்கள் படிச்சுக் காட்டெண்டாங்கள். அடுத்த கிழமை ஹெல்மெட் போட்ட தடியங்கள் முன்னால வந்து நிக்கிறாங்கள்.

அன்னமலர்: உங்களோட துவங்கின மற்ற ஆள்… சிட்னிக்குப் போனவர்?

அருந்தவன்: பார்த்தசாரதி. பாவம், விதிப்புத்தகத்தை முழுக்கப் படிச்சவன்.

யோன்: அதால ஆட்டம் முழுக்க ரெஃபரியோட சண்டை. முதல் சீசனிலேயே அவனைக் கலைச்சுப்போட்டாங்கள்.

அருந்தவன்: இப்ப ஹெலன்ஸ்பர்க் கோயில்ல கார் விடுற இடத்தில நிக்கிறானாம். கோடு தாண்டினா விசிலாம்.

அன்னமலர்: கதையை மாத்தாதேங்கோ தம்பி. இவர் ஏன் வரோணும்?

அருந்தவன்: முதல் அந்தக் கதவைச் சாத்துங்கோ அக்கா.

அன்னமலர்: சாத்தியாச்சு, சொல்லுங்கோ.

அருந்தவன்: வெளியில விடாதேங்கோ அக்கா. எனக்கு… அந்த விளையாட்டு விளங்காது.

யோன்: என்ன?

அருந்தவன்: பந்து ஆரிட்ட இருக்கெண்டே தெரியாது. எல்லாரும் ஆளுக்கு மேல ஆள் விழுந்து கிடக்கிறாங்கள். நான் கிரவுண்டுக்கு எதிர்க்கரையில நிக்கிற கோச்சைத்தான் பார்க்கிறனான். உன்னைப்போலத் தெளிவாக் காட்ட ஒருத்தருமில்லை. நீ கையை உயர்த்தினா நான் ஆக்களைப் பின்னுக்கு எடுப்பன். நீ தலையில கை வைச்சா நான் கைதட்டுவன்.

யோன்: இவ்வளவு காலமும்?

அருந்தவன்: கிழமை முழுக்க இறைச்சி ஃபேக்டரியில பெட்டி தூக்கிறன். அங்க ஒருத்தனுக்கும் என்ர பேர் தெரியாது. சனிக்கிழமையில மட்டும்தான்டா என்னைக் கோச் எண்டு கூப்பிடுறாங்கள். நாளைக்கு நீ வராட்டி அதுவும் போச்சு…

அன்னமலர்: இஞ்சாருங்கோ, ஒருக்காப் போய் நில்லுங்கோவன். காய்ச்சல் பொய்யெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே.

யோன்: நாளைக்குப் புதுக் கிரவுண்ட், அன்னமலர். ரெண்டு டீமும் ஒரே கரையில, நடுவில ஆளை மறைக்கிற கொட்டில். அங்க நிண்டு இவன் என்ன செய்யிறானெண்டு நான் எப்பிடிப் பார்த்துச் செய்யிறது?