கலாமணி கையில் இருந்த சாவி

என்னிடம் ஒரு சாவிகூடத் தொலைந்ததில்லை, ஐயா. வீரபாண்டியில் பனியன் கம்பெனி தொடங்கிய நாள் முதல் நான்தான் சூப்பர்வைசர். சாவி சாமியப்பன் இடுப்பில் இருந்தால் பேங்க்கில் இருக்கிற மாதிரி என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்வார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும்.

கலாமணி எங்களிடம் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை எடுத்து மடித்துக் கொடுக்கும் வேலை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரமில்லை. அவளுக்கு வலிப்பு உண்டு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அம்மா பொன்னாத்தாள் சேர்க்கும்போதே சொன்னாள். மாத்திரை போட்டால் பிள்ளை மெஷின் பக்கத்திலேயே தூங்கி வழிந்தது. ஷிப்மெண்ட் முடிகிறவரை நிறுத்திப் பாரேன் என்று அம்மாவிடம் சொன்னேன். இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லி வைத்தேன். கட்டாயப்படுத்தவில்லை.

அந்த வாரமே எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தார். சின்னப் பிள்ளைகளைக் கண்டால் ஆர்டரை ரத்து செய்துவிடுவார்கள். மற்ற பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று. கலாமணி மட்டும் தெரியாமல் அம்மாவோடு வந்துவிட்டாள். அம்மாவையும் மகளையும் குடோனுக்குள் கூட்டிப்போய், உள்பக்கம் பூட்டிக்கொண்டு நானும் கூடவே உட்கார்ந்தேன். பிள்ளை பயப்படக் கூடாதல்லவா.

வெளியே பேச்சுச் சத்தம் நெருங்கியபோது அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது.

"ஏதாச்சும் இரும்பு குடுங்கண்ணா" என்றாள் பொன்னாத்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றிப் பிள்ளையின் கையில் வைத்தேன். விரல்கள் இறுக மூடிக்கொண்டன.

வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுமாம். அன்று நிற்கவில்லை. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வந்தது. இடையில் நினைவே திரும்பவில்லை. உதடு நீலம் பாரித்தது.

"கதவத் தொறந்து உடுங்கண்ணா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயர்றேன்."

"இழுப்பு நிக்காம இரும்பப் புடுங்குனா உசுருக்கே ஆபத்து அம்மிணி. சாவி அவ கையிலதான இருக்குது" என்றேன் மெதுவாக.

அவள் நம்பினாள். சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

பையரின் கார் கிளம்பிய பிறகு கதவைத் திறந்து, நானே ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்தது, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் ஊசியில் நின்றிருக்கும், இத்தனை நேரம் விட்டதில் மூளை கெட்டுவிட்டது என்றார் டாக்டர். இப்போது கலாமணி நடப்பதில்லை. அம்மாவை அடையாளம் தெரிவதில்லை. ஆனால் பொன்னாத்தாள் இன்றும் என்னைக் குறை சொல்வதில்லை. அண்ணன் இரும்பு குடுத்துப் பாத்தாரு என்றுதான் சொல்கிறாளாம்.

நீங்கள் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒருமுறை பிள்ளையின் பிடி தளர்ந்து சாவிக்கொத்து நழுவியது. பனியன் வேஸ்ட் துணிக் குவியல் மேல் விழுந்ததால் சத்தமில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பொன்னாத்தாள் கவனிக்கவில்லை. நான் அதை எடுத்து, மறுபடியும் அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினேன்.

வலிப்பு வந்த பிள்ளை கையில் இரும்பு இருக்க வேண்டும், இல்லையா ஐயா.