விட்டத்துச் சாமியின் கடைசிக் காட்சி

உங்கள் ஸ்டேஷன் காபி அவ்வளவு மோசமில்லை, இன்ஸ்பெக்டர் குவாக். பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் கொட்டுகிற காபிதான், சர்க்கரை கொஞ்சம் தூக்கல். எங்கள் எழுத்து அறையிலும் இதுதான். என் உதவியாளர் சேபொம் கலக்கினால் இதைவிட நன்றாக இருக்கும். இனி அவள் கலக்க முடியாமல் போனதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்னை அறிமுகம் செய்துகொள்ளத் தேவையிருக்கவில்லை. பியோன் ஹேசுக் என்று பெயரைச் சொன்னதுமே வாசலில் இருந்த போலீஸ்காரப் பெண் எழுந்து நின்று குனிந்து வணங்கினாள். ஒரு கொலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். அதற்கு அவள் கேட்ட கேள்வியையே பிறகு நீங்களும் கேட்டீர்கள்.

"அது ஒரு பக்கம் இருக்கட்டும், எழுத்தாளரம்மா. கடைசில மாரு திரும்பி வர்றானா, இல்லையா? வீட்டுல தினமும் இதையேதான் கேக்கறா."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மனித உயிரைவிட ஒரு வீட்டுச் சாமியின் உயிர் மேல் மக்களுக்கு அக்கறை வரும்படி செய்வதுதான் எங்கள் தொழில். அதை நன்றாகவே செய்திருக்கிறோம் என்று தெரிகிறது.

'விட்டத்தில் ஒருவன்' தொடரை நீங்கள் பார்ப்பதில்லை, மனைவி பார்க்கும்போது அந்தப் பக்கம் போவதுண்டு என்றீர்கள். எல்லா ஆண்களும் அப்படித்தான் போகிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன். மாரு அறுநூறு வயதான வீட்டுச் சாமி. சியோலில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் விட்டத்தில் குடியிருக்கிறான். வயது அறுநூறு என்றாலும் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, கோட்டு மட்டும் விதவிதமாக மாறும். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட வருகிற என்ஜினியர் இன்யோங். அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிகிறான். விட்டம் போனால் சாமியும் போய்விடும். வீட்டை இடிப்பது அவள் வேலை, அவனைக் காதலிப்பது அவள் தலையெழுத்து. பழைய வீடுகளை இடித்துக் காசு பார்த்தவர்கள்தான் அதிகம் அழுதார்கள் என்று கேள்வி.

இதை எழுதியது யார் என்றால் நான்தான். திரையில் அப்படித்தான் வருகிறது. எங்கள் தொழிலில் மெயின் எழுத்தாளர் சொல்வார், உதவி எழுத்தாளர்கள் எழுதுவார்கள். அவர்கள் அந்த அறையிலேயே ராமியோன் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்று, அங்கேயே தூங்கி, அங்கேயே எழுதுவார்கள். கொஞ்ச வருஷமாக நான் சொல்வதையும் குறைத்துக்கொண்டேன். பிள்ளைகள் சுயமாக வளர வேண்டும் அல்லவா. நானும் ஒரு காலத்தில் என் மேடத்துக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், என் பெயர் எங்கேயும் வந்ததில்லை. அவரைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அவர் வயதாகித்தான் இறந்தார், நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருந்த உதவியாளர்கள் கல்யாணம், முதுகுவலி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவள் தோ சேபொம். மோக்போ பக்கத்துப் பெண், அம்மா மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. அதிகம் பேச மாட்டாள். மாருவின் வசனம் முழுவதும் அவள் கை வழியாகத்தான் வந்தது. நான் கற்பித்தது வீண்போகவில்லை என்று நினைத்துப் பெருமைப்படுவேன்.

அவளுக்கு ஒரே ஒரு குறை, மெமில் ஆகாது. அந்தக் கறுப்புத் தானியம் ஒரு துளி உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனக்கு அது தெரிந்ததே விளம்பரக் கம்பெனி அனுப்பிய டீயால்தான். எங்களுக்குப் பணம் போட்டவர்கள் மெமில் டீக்காரர்கள். ஒவ்வொரு எபிசோடிலும் மாரு அதை ரசித்துக் குடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்யோங் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும்போதுகூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். அதையும் மக்கள் அழும்படி எழுதினாள் சேபொம், அதுதான் திறமை. டீப் பெட்டிகள் அறைக்கு வந்தபோது மட்டும் பால்கனிக்கு வெளியே வைக்க அனுமதி கேட்டாள். தன் கோட்டுப் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஊசியையும் காட்டினாள்.

"எனக்கு அப்படி ஏதாவது ஆச்சுன்னா இதைத் தொடைல குத்திட்டு ஆம்புலன்சைக் கூப்பிடுங்க மேடம். பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. நன்றாகக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் தொடர்கள் எப்படி முடிகின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் தாள் போகும், மதியம் படம் பிடிப்பார்கள், இரவு ஒளிபரப்பு. கடைசி எபிசோடை சேபொம் காட்சி காட்சியாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். விட்டம் இடிகிற காட்சிவரை கொடுத்தாள். டைரக்டர் நாம்குங் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுதார். "மேடம், நீங்க மனுஷியே இல்ல" என்றார். பாராட்டுத்தான். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தபோது சேபொம் என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இந்த ஒரு எபிசோடுக்காவது தன் பெயரையும் போட வேண்டும் என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"மாரு திரும்பி வர மாட்டான் மேடம். ஆனா அந்தப் புது அபார்ட்மென்ட்ல அவன் இருக்கான்னு இன்யோங்குக்குத் தெரிஞ்சுரும்."

"எப்படித் தெரியும்?"

"பேரு போடுவாங்கன்னு சேனல்ல உறுதியானப்புறம் அதைச் சொல்றேன் மேடம். என்னை மன்னிச்சுக்கோங்க."

மன்னிப்பு வேறு கேட்டாள். நான் எழுதின காலத்தில் என் மேடத்திடம் இப்படிக் கேட்கத் தோன்றியதுண்டா என்று யோசித்துப் பார்த்தேன். தினமும் தோன்றியது. கேட்கவில்லை. நான் கேட்காததை இவள் கேட்டுவிட்டாளே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒரு தொடரின் நன்மைக்கு முன்னால் சொந்த எரிச்சலை வைத்துக்கொள்கிறவள் அல்ல நான். இரண்டு பெயர் போட்டால் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள், யார் எதை எழுதினார் என்று பேச்சு வரும், மாருவின் மாயம் கலைந்துவிடும். நான் காப்பாற்ற நினைத்தது மாருவை. அதை உங்கள் மனைவி புரிந்துகொள்வார்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு காட்சி, ஒரு பக்கம். இத்தனை வருஷம் எழுத்தாளராக இருக்கிறவளுக்கு ஒரு பக்கம் பெரிய விஷயமா. அந்தக் கணக்கில்தான் முடிவெடுத்தேன்.

அவள் சொன்னதற்குச் சரி என்றேன். பேரைப் போடச் சொல்கிறேன் என்றதும் அழுதுவிட்டாள், உடனே அம்மாவுக்குப் போன் செய்தாள். மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கொக்கியில் தொங்கிய அவளுடைய கோட்டை லாண்டரிக்குக் கொடுத்து அனுப்பினேன். பாவம், பனிக்காலம் முழுவதும் அதே கோட்டு. தன் காபிக் கோப்பையைக்கூடக் கழுவாத மேடம் அவள் கோட்டை வெளுக்கப் போடுகிறாள், கொக்கி காலியாக இருக்கிறது, அந்தப் பெண் அதைப் பார்க்கவே இல்லை. நல்ல எழுத்தாளர் என்றால் அதைக் கவனித்திருப்பாள்.

மத்தியானம் இருவருமாகக் கொண்டாடினோம். கிம்ச்சி வடை சுட்டு வரவழைத்தேன். அரிசிக் கள்ளை, பழைய முறைப்படி பித்தளைக் கெண்டியில் ஊற்றி வைத்திருந்தேன். கெண்டியில் இருந்தால் பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்ற பேச்சே வராது. மலைப்பக்கத்தில் அரிசியோடு மெமில் சேர்த்து வடிக்கிற கள் அது. நானே என் கையால் ஊற்றினேன். அவள் வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

பெரியவர்கள் ஊற்றினால் சின்னவர்கள் எப்படிக் குடிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்க்கிறோம். இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்க வேண்டும், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும், மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும். முகர்ந்து பார்ப்பதும் நுனிநாக்கால் ருசி பார்ப்பதும் மரியாதைக் குறைவு. சேபொமை அவள் அம்மா நன்றாக வளர்த்திருந்தாள். முகத்தைத் திருப்பி ஒரே மூச்சில் குடித்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் எனக்கு இல்லாமல் போனது.

பிறகு என்ன நடந்ததோ அது ஆஸ்பத்திரித் தாளில் இருக்கிறது. உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் சிவந்தது. கொக்கியைப் பார்த்தாள்.

"கோட்டு... மேடம், என் கோட்டு."

"லாண்டரில இருக்கு. நாளைக்கு வந்துரும்" என்றேன். அது உண்மைதான்.

என் கையில் போன் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். அதற்கு முன்னால் ஒன்று கேட்டேன், சும்மா தெரிந்துகொள்வதற்காகத்தான். என்னால் எழுத முடியாது என்பதற்காக இல்லை.

"அவன் இருக்கறது அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லு, உடனே கூப்பிடறேன்."

அவள் சொல்லத்தான் பார்த்தாள். அதை நான் மறைக்கவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிவிடத் துடித்தாள். நான் காதை அவள் வாயருகே கொண்டுபோய்க் கடைசிவரை வைத்திருந்தேன். அவ்வளவு பொறுமையாக அவள் சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பிறகு நான் கூப்பிட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது என் அழுகையைப் பார்த்து முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள்.

நீங்கள் அதை விபத்து என்று முடித்தீர்கள். களைத்துப்போன பெண், எது என்று பார்க்காமல் எடுத்துக் குடித்துவிட்டாள் என்றீர்கள். பத்திரிகைகள் என் கண்ணீரைப் படம் போட்டன. துக்க மண்டபத்தில் அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மீன் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை.

"அவ போன் பண்ணிச் சொன்னாளுங்க. மேடம் என் பேரைப் போடறாங்கம்மான்னு. நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. டிவியில பார்த்தேன்."

அது நான் போட்டதில்லை. அன்று ஒளிபரப்பான, கடைசிக்கு முந்தைய எபிசோடின் முடிவில் சேனல்காரர்களாகப் போட்டது. கறுப்புத் திரை, நடுவில் வெள்ளை எழுத்தில் 'தோ சேபொம் நினைவாக', வேறு எதுவும் இல்லை. என் பெயர் எப்போதும் டீ விளம்பரத்துக்குப் பக்கத்தில்தான் வரும். சேபொமுக்குத் தனித் திரை கிடைத்தது. கேட்டதற்கு மேலேயே வாங்கிக்கொண்டாள் என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் மடித்து உட்கார்ந்ததில் கால் வேறு மரத்துப் போயிருந்தது.

பிறகு கடைசிக் காட்சியை எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். பனி பெய்கிறது, தெருவில் இன்யோங் நடக்கிறாள், எதிரே ஒருவன் வருகிறான், குடை விழுகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் டைரக்டர் நாம்குங் அவசரத்தில் இருந்தார். ஹீரோவுக்குக் கட்டாய ராணுவச் சேவையில் சேர நாள் வந்துவிட்டது, அங்கே தலையை மழித்துவிடுவார்கள், மொட்டை அடித்த வீட்டுச் சாமிக்காக யாரும் அழப்போவதில்லை. தாளை வாங்கி நின்றபடியே படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.

"இதை யாரு மேடம் எழுதினது?" என்றார். "நம்ம மாரு இப்படிப் பேச மாட்டானே. புதுசா யாரையாவது சேர்த்திருக்கீங்களா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வேறு மாதிரி எழுதித் தருகிறேன் என்றேன். அடுத்த தாளுக்கும் அதே முகம். இன்றோடு படப்பிடிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். மக்கள் முதலில் எனக்காக வருத்தப்பட்டார்கள். இப்போது இணையத்தில் ஒருத்தி எழுதியிருக்கிறாள்: உதவியாளர் இறந்த பிறகுதான் இவருக்கு எழுத வராமல் போனதா என்று. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் கூடி நின்று யோசிக்கிறார்கள்.

அதனால்தான் வந்தேன். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். சிறையில் இருக்கிற எழுத்தாளர் கடைசிக் காட்சியைத் தராவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அவளுக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொலைகாரி எழுதிய தொடர் என்று காலத்துக்கும் பேசுவார்கள். கொலைகாரிதான், ஆனால் எழுதியவள்.

ஆம், சேபொமை நான்தான் கொன்றேன். கோட்டு, கெண்டி, கள், போன், எல்லாம் நான்தான். இந்தக் கதையில் ஒரு வரிகூட அவளுடையது இல்லை.

தாளும் பேனாவும் நீட்டினீர்கள். என் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றீர்கள். அரை மணியாக அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்களும் கவனித்திருப்பீர்கள். வாசலில் இருக்கிற அந்தப் பெண் புத்திசாலியாகத் தெரிகிறாள். அவளைக் கொஞ்சம் உள்ளே வரச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன், அவள் எழுதட்டும். அடியில் என் பெயரை மட்டும் நான் போட்டுக்கொள்கிறேன்.