ஆரஞ்சு மூடி

இந்த விசாரணை அறைக்குப் பச்சை அடிக்கச் சொன்னது யார் என்று தெரியவில்லை. பச்சையில் தப்பில்லை, ஆனால் இந்தப் பச்சை தூக்கத்தை வரவழைக்கும். வெளிர் மஞ்சள் அடித்திருந்தால், இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். போகட்டும், நான் எப்படியும் பேசத்தான் போகிறேன்.

எங்கள் வீட்டுக் குளியலறைப் பரணில் கறுப்புக் காகிதம் சுற்றி இருந்த பாட்டிலைப் பற்றி நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் தொழில் உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஒரு பொருளைக் கை எடுப்பதற்கு முன்பே கண் அதை வாங்கிவிடும். எந்தக் கண் எந்த நிறத்துக்கு மசியும் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வங்கிகளுக்கு நீலம் கொடுத்திருக்கிறேன், நம்பிக்கை வரும். சாப்பாட்டுக் கடைகளுக்குச் சிவப்பு கொடுத்திருக்கிறேன். பசியும் கிளம்பும், சாப்பிட்டவர்கள் சீக்கிரம் எழுந்தும் போவார்கள். என் தங்கையும் அவளுடைய நான்கு வயது மகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். அந்தச் சின்னது எனக்கு வைத்த 'கலர் மாமா' என்ற பெயர் அலுவலகம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

கழிப்பறை கழுவும் அமிலம் தயாரிக்கிற முதலாளி என்னைத் தேடி வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு பாட்டில், சிவப்பு எழுத்து, நடுவில் பெரிய மண்டையோடு.

"கடையில தூசி படிஞ்சு நிக்குது சார். வீட்டுல வெக்கவே பயமா இருக்குன்னு சொல்றாங்க."

சரக்கில் குறையில்லை, முகத்தில்தான் குறை. பயத்தை எடுத்துவிடலாம் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். பாட்டிலைக் கண்ணாடி போலத் தெளிவாக்கி, அமிலத்துக்கே ஆரஞ்சுச் சாயம் ஏற்றினேன். ஆரஞ்சு சுத்தத்தின் நிறமல்ல, ஆசையின் நிறம். மற்றவர்கள் எல்லாம் நீலத்தையும் வெள்ளையையும் கட்டிக்கொண்டு அழும்போது, இது ஒன்றுதான் அலமாரியிலிருந்து சிரிக்கும். மண்டையோட்டை எடுக்க விதி இடம் தராது. ஆனால் அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது, எந்த நிறத்தில் என்று இல்லை. ஆரஞ்சின் மேல் இளமஞ்சளில் போட்டேன். அளந்து பாருங்கள், அளவு சரியாக இருக்கும்.

எங்கள் தொழிலில் மூன்று நொடிச் சோதனை என்று ஒன்று உண்டு. அலமாரியில் ஏழெட்டு பாட்டில்களை அடுக்கி வைத்து, வீட்டுக்குப் பொருள் வாங்குகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவோம். மூன்று நொடிக்குள் கை எதன் மேல் போகிறதோ அதைக் குறித்துக்கொள்வோம். நாற்பது பெண்கள் வந்தார்கள். முப்பத்தோரு தடவை கை ஆரஞ்சுக்குப் போனது. இருபது வருடத்தில் அப்படி ஒரு சோதனையை நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

குறித்துக்கொண்டிருந்த என் உதவியாளர் மட்டும் பேனாவை வைத்துவிட்டாள்.

"சார், இதுல பன்னெண்டு கை குழந்தைங்க கை. அம்மா இடுப்புல இருந்துக்கிட்டே நீட்டுதுங்க."

"படிவத்துல கைன்னுதானே இருக்கு? வயசு கேட்டிருக்கா?"

"இல்ல சார். ஆனா ஒரு குழந்தை மூடியக் கடிச்சுச்சு."

கெட்டிக்காரப் பெண். அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடி போடலாம் என்று அவளே யோசனையும் சொன்னாள். முதலாளியும் தலையாட்டினார். ஆனால் மூடி செய்கிறவரிடம் அது வெள்ளையில் மட்டும்தான் இருந்தது. ஆரஞ்சில் வேண்டுமென்றால் இரண்டு மாதம் ஆகுமாம். ஆரஞ்சின் தலையில் வெள்ளையைக் கவிழ்த்தால் மருந்து பாட்டில் ஆகிவிடும், பார்த்ததும் நோய்தான் ஞாபகம் வரும். அத்தனை உழைப்பையும் ஒரு மூடிக்காகக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாதாரண ஆரஞ்சு மூடியே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். படிவங்களை உங்களிடம் கொடுத்ததும் அவளாகத்தான் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று எனக்கு இன்னும் வருத்தம்.

சரக்கு பறந்தது. நான்காவது வாரம் முதலாளி போனில் கூப்பிட்டார்.

"ஒரு குழந்தை ஜூஸுன்னு நெனச்சுக் குடிச்சிருச்சு சார். உயிருக்கு ஒண்ணுமில்ல, தொண்டைதான் வெந்துபோச்சு. பழைய பாட்டிலுக்கே போயிடலாமா?"

ஆறுதல் சொன்னேன். இப்போது நிறத்தை மாற்றினால் தப்பை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்; வேண்டுமானால் நீலப் பின்னணியில் ஒரு வருத்தச் செய்தி போடலாம், நீலத்தைப் பார்த்தால் கோபம் அடங்கும் என்றேன். அடங்கியது. அடுத்த மாதம் இன்னொரு குழந்தை. அதற்கும் நீலமே போதுமானதாக இருந்தது. 'மாற்றம் தேவையில்லை' என்று இரண்டு தடவையும் எழுதிக் கொடுத்தது நான்தான். மூன்றாவது, ஒரு தையல்காரம்மாவின் மகன். இரண்டரை வயது. அவன் பிழைக்கவில்லை.

நேற்று அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அதுக்கு ஏங்க அந்தக் கலரு?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை. ஆரஞ்சு நாக்கை ஊற வைக்கும், கையை இழுக்கும், பத்தடி தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிடும் என்று எளிமையாக விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்னையும் கூப்பிட்டுச்சுங்க. பாக்க நல்லாருக்கேன்னு நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

என் வேலையை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை.

ஆக, நிறம் என்னுடையது, மூடி என்னுடையது, மாற்ற வேண்டாம் என்ற இரண்டு கடிதங்களும் என்னுடையவை. அந்தப் பையன் செத்ததற்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தே செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கை நீளும் என்று எனக்குத் தெரியும். கையிலிருந்து வாய்க்குப் போகும் தூரம் என் தொழிலில் சேராது. அதை யாரும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

அந்தக் கறுப்புக் காகிதம்தானே. மாதிரி பாட்டிலை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கே சுற்றிவிட்டேன். சரக்கு கடைக்கு வருவதற்கு ஆறு வாரம் முன்பு. கறுப்பு, கையைத் தள்ளியே நிறுத்தும். பரணில் ஏற்றிவிட்டு, ஏணியை என் அறையில் வைத்துப் பூட்டினேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதே.