வெண்கலத்தின் மேல் மஞ்சள் துணி

பெயர்: எழில்மதி. வயது: 31. க/பெ. காலஞ்சென்ற பகலவன். தொழில்: தையல். முகவரி: மாரியம்மன் கோயில் தெரு, வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

‘காலஞ்சென்ற’ என்று சேர்க்க வேண்டுமா என்று எழுதுகிற ஐயா கேட்டார். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

நான் மேலே கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். போன வியாழக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த பேனருக்காக ஏணியில் ஏறியபோது மின்சாரம் தாக்கி என் கணவர் இறந்துபோனார். அவருடைய அண்ணன் ஆதிமூலம், சலூன் கடை தமிழரசன்தான் சண்டை போட்டு ஏணியைத் தள்ளிவிட்டார் என்று புகார் கொடுத்து, அதன்பேரில் தமிழரசனை அழைத்துப் போய் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என்னை விசாரித்தபோது பேசும் நிலையில் நான் இல்லை. இன்று நானாக வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை, போகாதே என்று சொன்னவர்கள்தான் உண்டு.

என் தையல் கடையும் தமிழரசன் அண்ணனின் சலூனும் ஒரே கட்டடம், நடுவில் தகரத் தடுப்பு மட்டும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆசியப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து சலூனில் என் கணவரும் இன்னும் மூன்று பேரும் காலையும் மாலையும் கூடுவார்கள். எந்த நாட்டுக்கு எத்தனை பதக்கம் என்று கண்ணாடியின் மேல் பக்கத்தில் சோப்புக் கட்டியால் எழுதி வைப்பார்கள். தங்கத்தை வைத்துத்தான் வரிசை என்பார் தமிழரசன் அண்ணன். மொத்தத்தை வைத்துத்தான் வரிசை, வெண்கலம் வாங்கினவள் மட்டும் சும்மாவா ஓடினாள் என்பார் என் கணவர். இதற்காக ஒரு நாள் முழுக்க இருவரும் பேசாமல் இருந்து, மறுநாள் ஒரே டீயை இரண்டாக ஆற்றிக் குடித்தார்கள். அவர்கள் சண்டை எல்லாம் அந்த அளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்களுக்குள் முன்விரோதம் உண்டா என்று கேட்டீர்கள்.

என் கணவர் வேன் ஓட்டிவந்தார். வெள்ளிமலைப் பக்கமிருந்து மரவள்ளி லோடு இறக்குவார். நாலைந்து வருடத்துக்கு முன்பு மலைப் பாதையில் ஒரு பெண் தினமும் ஓடுவதைப் பார்த்து, ஆரன் அடித்தால் பயந்துவிடும் என்று வண்டியை மெதுவாக்கிப் பின்னாலேயே போயிருக்கிறார். அந்தப் பெண் இவரை வேறு மாதிரி நினைத்து ஒரு கல்லை எடுத்து வீசியது. வேனின் முன்பக்கம் ஒடுங்கிப்போனது. அந்தப் பெண்தான் நிர்மலா, இந்தப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடியது. அதற்குப் பிறகு வேனுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் அந்த ஒடுக்கை மட்டும் இவர் எடுக்கவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். நிர்மலாவிடம் ஒரு வார்த்தை இவர் பேசியது கிடையாது, அதற்கும் இவர் பெயர் தெரியாது.

புதன்கிழமை மாலை நிர்மலா மூன்றாவதாக வந்தது. சலூனில் ஆள் நிற்க இடம் இல்லாததால் பாதிப் பேர் என் கடையில் நின்றார்கள், தைத்து வைத்திருந்த பாவாடைகளை மிதித்துவிட்டார்கள். அதன்பிறகு என் கணவர் கள்ளக்குறிச்சிக்குப் போய் பேனர் அடித்து வந்தார். அன்று இரவே ஐந்து பேருமாக அதை இரும்புச் சட்டத்தில் மாட்டி, சலூனுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்து விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ‘ஆசியாவில் வெண்கலம் வென்ற கல்வராயன் மலையின் மகளே’ என்று எழுதியிருந்தது. நிர்மலாவின் படம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. இவர்கள் ஐந்து பேர் படமும்தான் பெரிதாக இருந்தது. ஓடியது நீங்களா என்று நான் கேட்டதற்கு, என் கணவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இறுக்கினார்.

வியாழக்கிழமை காலை, பதக்கம் செல்லாது என்று செய்தி வந்தது. ஓடுகிறவர்கள் எல்லோரும் பாதையின் உள் ஓரத்துக்கு வரலாம் என்று போட்டிருக்கும் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே நிர்மலா உள்ளே வந்துவிட்டதாம். பக்கத்தில் ஓடிய பெண் தள்ளியதால்தான் வந்தது என்று நம் ஆட்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அதன்பிறகு சலூனில் அந்த ஓட்டத்தைப் போனில் மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தள்ளினாள், தள்ளவில்லை என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடிக்கும்வரை அது ஓயவில்லை.

அதன்பிறகு இருவரும் வெளியே வந்தார்கள். பேருந்துக்கு நின்றவர்கள் பேனரைக் காட்டிச் சிரித்ததும், அதில் தன் முகமும் இருந்ததும் தமிழரசன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “ஊரே சிரிக்குது. நீயே ஏறி எறக்குடா, இல்லன்னா நானே கிழிச்சிடுவேன்” என்றார். என் கணவர், “தீர்ப்பு வர்றதுக்குள்ள நம்மளே அத தோத்துப்போனவளா ஆக்கறதா? கை வெச்சிப் பாரு” என்றார். தமிழரசன் அண்ணன் இவர் சட்டையைப் பிடித்தது உண்மை. இரண்டு பொத்தான்கள் தெறித்தன. நின்றவர்கள் விலக்கிவிட்டார்கள். இதை நிறுத்தத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், என் கணவரின் அண்ணனும் பார்த்தார். அவர் அடுத்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லை.

சண்டை ஓய்ந்த பிறகு என் கணவர் என் கடைக்குள் வந்தார். பொத்தான்களைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு ஒரு முழத் துணி கேட்டார். எதற்கு என்றேன். “பேனரு அப்டியே இருக்கட்டும் எழிலு. வெண்கலம்ன்ற அந்த ஒரு வார்த்தைய மட்டும் மூடி வெக்கிறேன். அவனுக்கும் சிரிப்பு நிக்கும். தீர்ப்பு வந்தா எடுத்துட்டா போச்சி” என்றார். சட்டையைக் கழற்றிக் கொடுங்கள், பொத்தான் வைத்துத் தருகிறேன் என்றேன். வந்து தருகிறேன் என்றார். லைனிங்குக்கு வைத்திருந்த மஞ்சள் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஊக்குகளும் எடுத்துக் கொடுத்தேன். பேனரின் பின்னணி மஞ்சள் என்பதால் வித்தியாசம் தெரியாது என்று நான்தான் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன்பிறகு அவர் இரும்பு ஏணியைச் சாத்தி ஏறினார். நான் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் இடத்திலிருந்து வாசல் வழியாகத் தெரிந்தது ஏணியும், முழங்கால்வரை அவருடைய கால்களும் மட்டும்தான். ஏணிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இதை எத்தனை முறை கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். அந்த நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தமிழரசன் அண்ணன் ராசு என்பவருக்கு முடி வெட்டிக்கொண்டே, தங்கத்தை வைத்துத்தான் வரிசை என்று அவரிடமும் ஆரம்பித்திருந்தார். ஒரு மூலை எட்டவில்லை என்று என் கணவர் மேல் கயிற்றைத் தளர்த்தியிருக்க வேண்டும். காற்று அடித்தது. தொங்கவிட்டிருந்த பாவாடைகள் ஆடியதால் எனக்குத் தெரியும். சட்டம் சாய்ந்து மேலே போன மின்கம்பியில் பட்டிருக்க வேண்டும். கால்கள் ஏணியில் ஒரு மாதிரி துள்ளின. ஏதோ பாட்டுக்கு ஆடுகிறார் என்று நான் நினைத்தேன்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. தமிழரசன் அண்ணன் கடையிலிருந்த மரப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஏணியையும் இவரையும் சேர்த்துத் தட்டிவிட்டார். சட்டம் அவர் வலது கையில் பட்டுத் தோல் வெந்துவிட்டது. ஏணி விழுந்தது அப்போதுதான். அதைத்தான் தூரத்திலிருந்து பார்த்த யாரோ தள்ளினார் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ராசுவையும் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவர் பாதி வெட்டிய தலையோடு ஓடிவந்தார், ஆஸ்பத்திரிக்கும் அப்படியே வந்தார்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில், உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார்கள். பிணவறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். தமிழரசன் அண்ணன் கையில் கட்டோடு நின்றார். பொழுது இறங்கும்போது அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேசிவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். “தங்கச்சி, நிர்மலாவ தள்ளிவுட்டதுதான்னு ஒத்துக்கினாங்களாம். மெடல திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, இதுவரையும் வரவில்லை. அங்கிருந்துதான் அவரைக் கூட்டிப் போனார்கள்.

பதினாறாம் நாள் முடியும்வரை வாய் திறக்காதே என்று என் கணவரின் அண்ணன் சொன்னார். நேற்று நான் காவல் நிலையம் போகப்போகிறேன் என்றதும், “செத்தவன் ஒன் புருசன். நீ இன்னா அவனுக்குச் சாட்சி சொல்லப் போறியா? போனா திரும்பி இந்த வூட்டுப் படி மிதிக்காத” என்றார். அந்த வீடு அவர் பெயரில் இருக்கிறது. துணிமணிகளைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பி செத்ததற்கு அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. காற்றின்மேல் வழக்குப் போட முடியாது.

தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் அதே கடையில், அதே படத்தைத்தான் போட்டார்கள். என் கணவர் அதிலும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அடக்கத்தின்போது போட்டிருந்தது வேறு சட்டை. பொத்தான் தெறித்த சட்டையை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு பொத்தான்களும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. தேவை என்றால் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

நீங்கள் கைப்பற்றி வைத்திருக்கும் பேனரில் இடது மேல் மூலையில் ஒரு மஞ்சள் துணி, மூன்று பக்கம் ஊக்கு குத்தியும் நான்காவது பக்கம் குத்தாமலும் இருக்கும். அதைப் பாருங்கள். இறக்குவதற்கு ஏறியவர் ஊக்குக் குத்திக்கொண்டிருக்க மாட்டார். துணியால் மூடுவதற்கு அவரை யாரும் ஏறச் சொல்லவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. விசாரணை முடிந்து பேனரைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் துணியை எடுத்துவிட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். துணிக்குக் கீழே எழுதியிருப்பது சரிதான்.

நான் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன், எல்லாம் உண்மை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)
ப. எழில்மதி