ரூம்ல பாத்துட்டேன்

கப்பலில் இட்லி நன்றாகவே இருந்தது. நடுக்கடலில் என்ன பெரிய இட்லி கிடைத்துவிடப் போகிறது என்று நான் ஒரு டப்பாவில் பருப்புப்பொடி எடுத்துப் போயிருந்தேன், திறக்கவே இல்லை. சாம்பாரில் மட்டும் கொஞ்சம் தித்திப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னைப் பட்டினி போட்டார்கள், கொடுமைப்படுத்தினார்கள், அதனால் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அப்படி ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. என்னை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.

பெயர் தாட்சாயிணி. சொந்த ஊர் வெள்ளானூர். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருஷம்கூடத் தங்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். தம்பி கோதண்டம், "ஊட்டோட இருந்துக்கக்கா" என்றான். இருந்துகொண்டேன். அவன் மகன் தினேஷுக்குப் பல் முளைக்கிற நேரத்தில் அவன் பெண்சாதி காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னை இரு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினேஷை நான்தான் வளர்த்தேன். தம்பியும் போய்ச் சேர்ந்தான், நிலமெல்லாம் மனையாகிவிட்டது. தினேஷ் பருத்திப்பட்டில் ஏரி தெரிகிற மாதிரி ஒரு ஃப்ளாட் வாங்கினான். மோகனப்பிரியாவைக் கட்டினான். முதலில் சரண், பிறகு பவித்ரா. தினேஷுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, பிரியாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில். பிள்ளைகளுக்கு நான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். கேஸ் மூடியாச்சா? அத்தை பாத்துட்டாங்க. மோட்டார் நிறுத்தியாச்சா? அத்தை பாத்துட்டாங்க. பிள்ளைக்கு உடம்பு சுடுகிறதா? அத்தை தொட்டுப் பாத்துட்டாங்க. ஒருத்தியின் வாய்ச்சொல்லே போதும் என்று ஒரு குடும்பம் நினைப்பது பெரிய மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மரியாதை இல்லை, சோம்பல். புரிவதற்கு எனக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்தது.

தங்கள் கல்யாண நாளுக்காகக் கப்பலில் போகலாம் என்று தினேஷும் பிரியாவும்தான் முடிவு செய்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி சென்னையிலேயே இறக்கிவிடுவார்களாம்.

"அத்தே, நீயும் வர்ற."

"நான் எதுக்குடா? எனக்குத் தல சுத்தும்."

"மெரினாவுல கால் நனைச்சதோட சரி நீ. ஜாலியா உக்காந்துகினு கடல வேடிக்கை பாரு. வாழ்க்கையில ஒரு தபா."

எதிர்வீட்டு ரேகாவிடம் சொன்னேன். "உங்களுக்கு இன்னாக்கா, மவராசி. எங்க ஊட்ல ஆவடி மார்க்கெட்டுக்குக் கூட்டினு போறதுக்கே மூக்கால அழுவுறாங்க" என்றாள். எனக்குப் புதுச் சேலைகூட எடுத்தார்கள். சந்தோஷமாகத்தான் ஏறினேன்.

அவர்களுக்குப் பால்கனி வைத்த ரூம். எனக்கும் பிள்ளைகளுக்கும் எதிர்ப்பக்கம், உள்ளே, ஜன்னல் இல்லாத ரூம். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். கடல் படம்.

"பசங்க பால்கனில ஏறுவாங்க அத்தே, அதான் இப்படிப் போட்டோம்" என்றாள் பிரியா. நியாயமான காரணம். அவள் எப்போதும் நியாயமான காரணத்தோடுதான் பேசுவாள்.

கையில் பட்டை கட்டிவிட்ட கப்பல் பெண் என்னைக் காட்டி ஏதோ இங்கிலீஷில் கேட்டாள். பிரியா சிரித்துக்கொண்டே, "எஸ், நேனி" என்றாள். நேனி என்றால் எனக்குத் தெரியும். பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூனில் வருகிறவள்தான், சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறவள். நான் பிரியாவைப் பார்த்தேன்.

"அத்தைன்னு சொன்னா அவங்களுக்கு வெளக்கணும் அத்தே. ஈஸியா இருக்கட்டுமேன்னுதான்."

சரி என்றேன். ஒருத்திக்கு நான் யார் என்று விளக்குவது கஷ்டம் என்றால், விளக்காமல் விடுவதுதானே வசதி.

சரணைப் பிள்ளைகள் விளையாடும் ஹாலில் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு அது போதும், சாப்பிடக்கூட வர மாட்டேன் என்றான். பவி இன்னும் டயப்பர் கட்டுகிறவள், அவளைச் சேர்க்க மாட்டார்களாம். அதனால் அவள் என்னோடு. நீச்சல் குளத்தருகே அவர்கள் படுத்திருந்தபோது அவள் என்னோடு. டான்ஸ் பார்க்கப் போனபோதும் என்னோடு. கப்பல் போய்க்கொண்டிருக்கிறது, நான் அந்தக் கடல் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பிரியாவிடம் கேட்டேன். "சாயந்தரம் கொஞ்ச நேரம் மேல போய்க் கடலப் பாத்துட்டு வர்ட்டாம்மா?"

"தாராளமா போங்க அத்தே. பவி எழுந்ததும் அவளையும் கூட்டினு போயிடுங்க. கம்பிப் பக்கம் மட்டும் வேணாம், எனக்குப் பக்குன்னு இருக்கும்."

தாராளம் என்பது அதுதான்.

அன்று மதியம் டயப்பர் எடுக்க அவர்கள் ரூமுக்குப் போனேன். தினேஷ் இல்லை. பிரியா பால்கனியில் நின்று பக்கத்து ரூம்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் நம் பக்கம்தான், அண்ணனூர்.

"குடுத்து வெச்சவங்க நீங்க. எங்க மாமியார், புள்ளைங்கள நீயே பாத்துக்கோன்னு டிவி முன்னால உக்காந்துட்டாங்க."

"ஐயோ, அத்தை இல்லாட்டி எங்களால அசைய முடியாதுக்கா. பவிய மட்டும் ஸ்கூல்ல போட்டுட்டா, அப்புறம் அவங்கள வெள்ளானூர் ஊட்டுக்கு அனுப்பிடலாம்னு கீறோம். எத்தினி நாளுதான் ஓடுவாங்க. பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவள் அதைப் பிரியமாகத்தான் சொன்னாள். என் மேல் வெறுப்பு எதுவும் அந்தக் குரலில் இல்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெள்ளானூர் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. மழை பெய்தால் கூடத்தில் குண்டான் வைக்க வேண்டும். சுற்றிலும் புது வீடுகள், எல்லாம் தெரியாத ஜனங்கள். அங்கே போய் ரெஸ்ட் எடுக்கலாம். ஆனால் கேஸை மூடிவிட்டேன் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

எனக்குக் கோபம் வரவில்லை. யோசனைதான் வந்தது. நான் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால்தானே அனுப்பத் தோன்றுகிறது. தெரியவைத்துவிட்டால் தோன்றாது. கொஞ்ச நேரம் பிள்ளையைக் காணாமல் தவிக்கட்டும். பிறகு நான் போய்க் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வருவேன். அவ்வளவுதான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இங்கே கொலுசைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காப்புப் போடும்போது அத்தைதான் முதல் கொலுசு போட வேண்டும். தினேஷுக்குக் கூடப் பிறந்தவள் இல்லாததால் அந்த முறையும் எனக்கே வந்தது. பவி வளர வளர நான்தான் மாற்றிப் போடுவேன். முத்து நிறைய வைத்தது. எந்த மூலைக்கு ஓடினாலும் காதுக்குத் தெரியும். முன்பு நீங்கள் கேட்டபோது, திருகு தேய்ந்து கொலுசு தானாக விழுந்தது என்றேன். அது பொய். அன்று சாயந்தரம் பவி தூங்கும்போது ஊக்கு முனையால் நான்தான் திருகைக் கழற்றினேன். ஒரு காலில் மட்டும். அவள் அசையக்கூட இல்லை. ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனேன்.

பின்பக்கத்து மேல்தளத்தில் ஆள் இல்லை, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு நாற்காலியைக் கம்பி ஓரமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் கிண்ணம் இல்லை, துண்டு இல்லை, பிள்ளை இல்லை. அந்த நேரம் நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன். நன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் கொலுசைக் கம்பிக்கு அடியில் வைத்தேன்.

சாப்பாட்டு ஹாலில் அவர்கள் மெழுகுவத்தி வைத்த மேஜையில் இருந்தார்கள். பிரியா மெரூன் கலரில் நீளமான கவுன் போட்டிருந்தாள். அழகாக இருந்தாள்.

"பவியக் காணோம்டா" என்றேன்.

"இன்னா அத்தே சொல்ற? ரூம்ல பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"பாத்ரூம்ல?"

"அதான் எல்லாம் பாத்துட்டேன்றேனே. மேல என்னோட நின்னுகினு இருந்தா. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

இவ்வளவுதான் நான் செய்தது. பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. அவள் அந்த ரூமில், கட்டிலில், விளக்கு எரிய எரியத் தூங்கிக்கொண்டிருந்தாள். யார் கதவைத் திறந்திருந்தாலும் தெரிந்திருக்கும். கப்பல்காரர் ஒருவர் முதலில் ரூமைப் பார்த்துவிடலாம் என்றுதான் சொன்னார் போலிருக்கிறது. என் கழுத்தில் தொங்கிய சாவி அட்டையைக் காட்டிக் கை நீட்டினார். தினேஷ் அவரிடம், "ஷி செக்ட், ஷி செக்ட்" என்று கத்திக்கொண்டே மாடிப்படியில் ஓடினான். அவரும் பின்னால் ஓடினார்.

பிரியா செருப்பை வழியிலேயே கழற்றி எறிந்துவிட்டு வந்தாள். கொலுசை அவள்தான் முதலில் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். தினேஷும் கப்பல்காரர்களும் அந்தக் கோடியில் நாற்காலிகளைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நானும் அவளும் மட்டும்.

"அத்தே, உங்ககிட்டதானே உட்டுட்டுப் போனேன்?" என்றாள்.

அந்த நேரத்திலும் கணக்கு என் பேரில்தான் இருந்தது, கவனித்தீர்களா?

அவள் நான் இழுத்துப்போட்ட நாற்காலி மேல் ஏறிக் கீழே பார்த்தாள். கப்பல் போன வழியில் வெள்ளை வெள்ளையாக நுரை. இருட்டிக்கொண்டு வந்தது. "அங்க... அது... அத்தே, அங்க பாருங்க" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். நுரைதான், எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் ஒரு காலைத் தூக்கிக் கம்பி மேல் வைத்தாள். கவுன் கம்பியில் மாட்டியது. அதை இழுத்து விடுவிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். கை நீட்டினால் அவள் முதுகைத் தொட்டிருப்பேன், அவ்வளவு பக்கம். பவி ரூமில் தூங்குகிறாள் என்று சொல்ல வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வார்த்தை நாக்கு வரை வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அந்த வீட்டில் இருந்த இத்தனை வருஷத்தில் அவள் என் எதிரில் அழுதது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று தோன்றியது. அவள் தவறி விழவில்லை, தள்ளப்படவும் இல்லை. பவி பேரைச் சொல்லிக்கொண்டே குதித்தாள். கொலுசு அவள் கையில்தான் இருந்தது.

அந்தக் கோடியிலிருந்து எல்லாரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் நேராக ரூமுக்குப் போனேன். பவி எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா?" என்றாள். முகம் துடைத்துவிட்டு, டயப்பர் மாற்றி, தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். அதற்குள் கப்பலைத் திருப்பியிருந்தார்கள், படகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். தினேஷை நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். என் இடுப்பில் பிள்ளையைப் பார்த்ததும் அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதச் சொல்ல மாட்டேன்.

"ரூம்லயேதான் தூங்கினு இருந்திருக்காடா. கண்ணு தெரியல எனக்கு, போர்வையோட போர்வையா இருந்தா" என்றேன். நம்பினான். விடியும்வரை தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். பிரியா கிடைக்கவில்லை.

பருத்திப்பட்டுக்கு வந்த பிறகு தினேஷ் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான், சின்ன வயதில் படுப்பது போல. "இனிமே பசங்களுக்கு நீதான் அத்தே எல்லாம். எங்கயும் போயிடாத" என்றான். வெள்ளானூர்ப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. சரண் என் பக்கத்தில்தான் தூங்கினான். நான் அவர்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

இப்போது கப்பல் கேமராவில் நான் தனியாக மேலே வருவதும், நாற்காலியை இழுப்பதும், குனிந்து வைப்பதும் தெரிகிறது என்கிறீர்கள். தெரியட்டும். அது நான்தான். கொலுசைக் கழற்றியது நான், வைத்தது நான், பொய் சொன்னது நான், வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். அவள் குதிப்பாள் என்று மட்டும் நினைக்கவில்லை. பெற்றதோடு சரி, மற்றதெல்லாம் என்னிடம் விட்டவள், பிள்ளைக்காக உயிரை விடுவாள் என்று யார் கண்டார்கள்?

தினேஷ் வெளியே பெஞ்சில் இருக்கிறான், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்று சொன்னீர்கள். பிள்ளைகளை யாரோ தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு வந்திருப்பான். பவி புது ஆள் கையால் சாப்பிட மாட்டாள், சரணுக்குத் தலை சரியாகத் துவட்டாவிட்டால் சளி பிடிக்கும். கோபம் தணிந்ததும் அவனே உள்ளே வருவான். இவ்வளவு நடந்த பிறகும், அந்த வீட்டில் பிள்ளைகளை நம்பி விடுவதற்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.