கத்திரிக்காய்க்குப் பாலிஷ்

மகனைக் கோவையில் விடுதியில் விட்டுவிட்டு வந்த மறுநாள், ஊட்டியிலிருந்து மஞ்சூர் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு பை கத்திரிக்காய்.

"கத்திரிக்காய்க்குப் பாலிஷ் போடோணுங்க்கா" என்றாள் அவள்.

"அதென்ன செருப்பா, கண்ணு?"

"ஜப்பான்ல அப்படித்தானாம். ரெண்டாப் பொளந்து, கட்டங்கட்டமாக் கீறி வதக்கோணும். சோயா சாஸும் சக்கரையும் சுண்டக் காய்ச்சி மேல பூசோணும். மொகம் தெரியற மாதிரி மினுங்கோணும்."

"உனக்கேன் இந்த வேல?"

"ஜப்பான்ல பாத்துட்டிருந்த வேல போயிருச்சு, எம்புள்ள ஊட்டுக்கு வந்து ஒம்பது நாளாச்சு. பேச்சில்ல, சோறுமில்ல. அங்க இதத்தான் ஆசையாத் தின்பாளாம். ஃபோன்ல பாத்து நேத்துச் செஞ்சேன்."

"நல்லா வந்துச்சா?"

"கண்ணாடியாட்டம் வந்துச்சு. கை சும்மா இருந்தாத்தானே? பழக்கத்துல கடுகும் கருவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டிப்போட்டேன்."

"அட கெடுத்தியே! புள்ள என்ன சொன்னா?"

"தட்டையே பாத்துட்டிருந்தா. அழுதுருவாளோன்னு நெனச்சேன். சிரிச்சுப்போட்டாங்க்கா. 'இதுக்குச் சோறு வேணுமேம்மா'ன்னா. ரெண்டு தடவ வாங்கித் தின்னா."

மூத்தவள் சால்வையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப இந்தப் பையி?"

இளையவள் இறங்க எழுந்தாள். "இன்னிக்கும் அதேதானுங்க்கா. மறந்தாப்பல தாளிக்கோணும்."