ஆத்துத் தண்ணி திரும்புற வரைக்கும்

— உள்ளங்கையில இன்னாங்க அது, தீக்காயமா?

— கயிறு அறுத்ததுங்க. அதச் சொன்னாதான் உங்கம்மா கேட்டதுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆவும். கல்யாணம் ஆனதும் இந்தக் கோகிலவாணி கப்பல் வேலைய வுடணும்னு சொன்னாங்களாமே.

— அம்மாவுக்குக் கடல்னா பயங்க. செங்கத்துல புளி மண்டி வச்சிருக்கற வூடு எங்களுது, ஏரியத் தாண்டி தண்ணி பாத்ததில்ல. வெற்றிவேலு, பொண்ணுகிட்ட நீயே தனியாப் பேசிட்டு வாடான்னு வெளிய அனுப்பிட்டாங்க.

— அப்ப கேட்டுக்குங்க. கப்பல் இல்ல, பாய்மரப் படகு. பணக்காரங்க வாங்கற படக ஊர் ஊரா ஓட்டிக்கிட்டுப் போய்ச் சேக்கறது எங்க வேலை. காலேஜ்ல என்.சி.சி. கேம்புக்குப் போய்க் கத்துக்கிட்டேன். போன மாசம் நானும் எங்க கேப்டன் அற்புதராஜ் சாரும் குஜராத்துல ஒரு துறைமுகத்துக்குப் போனோம். ரெண்டே பேரு. துறைமுகம் கடலோரத்துல இல்ல, ஆத்துக்குள்ள ஆறு மைல் போவணும்.

— ஆத்துல எதிர்த்தாப்ல எப்படிங்க போறது?

— கடல் ஏறுனா அந்த ஆறும் ஏறும்ங்க. ஆறு மணி நேரம் கீழ போற தண்ணி, அடுத்த ஆறு மணி நேரம் மேல வரும்.

— மெய்யாலுமா? உங்க ஊரு இந்த நெல்லிவாசல்ல ஓடை எறங்கிப் போறதோட சரி, திரும்பி மலை ஏறுனத யாரும் பாத்ததில்லயே.

— மொத தடவ பாத்தப்ப நானும் அப்படித்தான் நின்னேன். அன்னைக்கி ஆத்து வாய்க்கு வரும்போது மத்தியானம் மணி மூணு. அடியில மீன் வலை சிக்கி படகு இன்ஜின் நின்னுபோச்சு. சாரு குனிஞ்சு பாத்துட்டு நிமுந்தாரு. காத்து மாறி, பாய்க்கு அடியில இருக்கற கட்டை சுத்தி வந்து மண்டையில அடிச்சிருச்சு. ஒரே ரத்தம். எங்கப்பா வயசுங்க அவருக்கு.

— அப்ப நீங்க ஒருத்தர்தானா?

— ரேடியோவுல துறைமுகத்துக்குச் சொன்னேன். ஆத்து வாயில மணல்மேடு, தண்ணி வத்திக் கெடக்கு, எங்க போட்டும் தாண்டாது, ரெண்டு மணி நேரம் ஆவும்னாங்க. சாரு அரை மயக்கத்துல, உள்ள வுடு, இப்பவே வுடுன்னு திட்றாரு. வுட்டா மேட்டுல தட்டி படகு சாஞ்சிரும். நான் வுடல. நங்கூரத்தப் போட்டுட்டேன்.

— அடிபட்ட மனுசன வச்சிக்கிட்டு சும்மாவா ஒக்காந்திருந்தீங்க?

— சும்மா இல்லிங்க. துண்டு கட்டி, தூங்க வுடாம பேச்சுக் குடுத்தேன். பேத்தி எந்த ஸ்கூல்ல படிக்கிதுன்னு மொதக்கொண்டு கேட்டேன். அவருக்கு ஏதாவது ஆயிட்டா, நான் நிறுத்துனதாலதான்னு ஆயிடுமே. தண்ணி மேல மெதக்கற நுரை கடல் பக்கமாவே போய்க்கிட்டு இருந்துச்சு. அப்புறம் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல ஆத்துக்குள்ள நகந்துச்சு.

— கெளம்பிட்டீங்களா?

— மேடு மூழ்குற வரைக்கும் பொறுத்து, பாய ஏத்துனேன். முதுகுக்குப் பின்னாடி காத்து. ஒரு கையில சுக்கான், ஒரு கையில பாய்க் கயிறு. ஒரு வளைவுல சேத்துல தட்டி நின்னுபோச்சு. அழுதுட்டேங்க.

— யாரா இருந்தாலும் அழுதுருவாங்க.

— தண்ணிதான் ஏறிக்கிட்டு இருந்துச்சே, ரெண்டு நிமிசத்துல அதுவே தூக்கி வுட்டுருச்சு. பாய் வெடுக்குனு இழுத்ததுல கயிறு கைய அறுத்துருச்சு. இருட்டறதுக்குள்ள துறைமுகம் சேந்துட்டோம். ஆம்புலன்ஸு ரெடியா நின்னுச்சு.

— கேப்டன் எப்படிங்க இருக்காரு?

— ஏழு தையல். கண்ணத் தொறந்ததும் அவரு கேட்டது, படகுல கீறல் உழுந்துச்சான்னு.

— நல்ல மனுசன்தான்.

— இப்ப நல்லாருக்காரு. தை மாசம் கொச்சியிலேர்ந்து போற படகுக்கு நீதான் கேப்டன்னு சொல்லிட்டாரு. அதனால நான் வேலைய வுட மாட்டேங்க. உங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்வீங்க?

— நான் சொல்லவே வேணாம். அம்மா ஜன்னலாண்டயே நின்னு மொத்தத்தையும் கேட்டாச்சு. அங்க பாருங்க, கண்ணத் தொடச்சிக்கிட்டு வெத்தல பாக்குத் தட்டக் கையில எடுத்துட்டாங்க, மாத்திக்கறதுக்கு.

— தட்டக் கீழ வெக்கச் சொல்லுங்க. நான் இன்னும் உங்கள ஒண்ணுமே கேக்கலியே.